உரிமை இல்லாத காவல் நிலைக்காது

(வன்னிக் கமக்காரரும் நகரத்து உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



காணியைப் பற்றியும் மொழியைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் பேசிப் பழகிய மேடையில் யானையையும் சிறுத்தையையும் அழுங்கையும் பற்றி நாம் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "மனிதனுக்கே வழக்குப் பேச ஆளில்லாத நாட்டில் மிருகத்துக்கு வக்காலத்தா?" என்று கேட்போரும் இருப்பர். அக்கேள்வியை நாம் தள்ளிவிடப் போவதில்லை. கள்ளவேட்டை என்பது காட்டு விவகாரம் மட்டும் அன்று. அது காணி விவகாரம், நீதி விவகாரம், தன் எல்லைக்குள் நடப்பதைத் தானே நிர்வகிக்கும் தகுதி நம் ஊர்களுக்கு உண்டா இல்லையா என்ற விவகாரம்.

இன்று நாம் சொல்ல வந்தது ஒன்றே. ஒரு பொருளின்மீது உரிமையில்லாதவன் அதற்குக் காவல் நிற்கமாட்டான். அரசாங்கம் உணரவேண்டிய பாதி இது. காவல் நில்லாதவன் கேட்கும் உரிமை சபையில் எடுபடாது. நாம் உணரவேண்டிய பாதி இது. இவ்விரு பாதிகளையும் சேர்த்தே சிந்திக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கள்ளவேட்டை என்ற பெயர் வந்த கதை

முதலில் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று அக்காலத்துக் குடியேற்றநாட்டுச் செயலாளராகிய எமர்சன் டெனன்ட் எழுதி வைத்துள்ளார். கொன்றவர்கள் குற்றவாளிகளாகக் கருதப்படவில்லை. ஒவ்வொரு யானைக்கும் அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. மேஜர் றொஜர்ஸ் என்னும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெருமையோடு பேசப்பட்டார்.

காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பரந்தன. சுடுவதற்கு மிருகம் அருகிவிட்டது என்று துரைமாருக்குத் தெரிந்ததும் சட்டம் பிறந்தது. 1891இல் யானை, எருமை முதலியவற்றைக் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. 1894இல் வேட்டைப் பிராணிகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. 1900இல் யாலக் காட்டின் ஒரு பகுதி, நாட்டில் வசித்த வேட்டைப் பிரியரான துரைமாருக்கென்று ஒதுக்கப்பட்டது. உத்தரவுப்பத்திரம் பெற்றுத் துவக்கோடு காட்டுக்குள் புகுந்தவன் வேட்டைக்காரன் எனப்பட்டான். பத்திரம் வாங்கப் பணமில்லாமல் தன் தகப்பனும் பாட்டனும் போன வழியிற் போனவன் கள்ளவேட்டைக்காரன் எனப்பட்டான்.

இன்று நடைமுறையிலுள்ள வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகும். 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. அதன் பின்னர் அச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டது, தண்டனைகள் கூட்டப்பட்டன, பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியல் நீண்டது. நோக்கத்தில் அது துரைமாரின் சட்டமாக இப்போது இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதன் உடலமைப்பில் ஒரு பழைய குறை இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்டோரத்துக் குடியானவனைக் காட்டின் பகைவனாகவே அது கருதுகிறது. அவன் செய்யக்கூடாதவை எவையென்று பக்கம் பக்கமாகச் சொல்லும் அச்சட்டம், காவலில் அவனுக்குரிய பங்கு எது என்பதைச் சொல்லவில்லை.

சட்டம் காணாத கம்பி

சட்டம் மட்டும் காட்டைக் காத்துவிடும் என்று நம்புவோருக்கு ஒரு முழக் கம்பியை எடுத்துக் காட்டுகிறோம். பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பிறேக் கம்பி போதும். அதைச் சுருக்காக்கி, மிருகம் வரும் ஒற்றையடித் தடத்தில் மரத்தோடு பிணைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குச் சத்தம் கிடையாது, உத்தரவுப்பத்திரம் கிடையாது, காவலிருக்க ஆளும் வேண்டியதில்லை. கம்பியைக் கட்டியவன் காட்டுப் பன்றிக்கென்றே கட்டியிருப்பான். காட்டுப் பன்றி சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட மிருகமும் அன்று. ஆனால் கழுத்தை நீட்டுவது பன்றியா, மானா, கரடியா, சிறுத்தையா என்று கம்பி பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் மலைநாட்டில், நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று சில தினங்களில் மாண்டது. அரிதினும் அரிதான அவ்வுயிரைக் கொல்ல எவரும் திட்டமிடவில்லை. ஒரு கம்பி போதுமாயிருந்தது.

கட்டுத்துவக்கும் அப்படிப்பட்டதே. அது மிருகத்தை மட்டுமல்லாமல் விறகு பொறுக்கப் போன மனிதனையும் சுட்டுவிடும். இவற்றிலும் கொடியது, சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' என்று வழங்கும் வாய்வெடி. பூசணிக்காயிலோ வேறு தீனியிலோ பொதிந்து வைக்கப்படும் அவ்வெடி, கடித்ததும் வாய்க்குள் வெடிக்கிறது. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று தின்கிறது. தாடை சிதைந்து, தீனி கொள்ளவும் நீர் பருகவும் முடியாமல், நாட்கணக்கில் உழன்று அது சாகிறது. கன்று காலி வளர்ப்போர் நம்மில் பலர். அவ்வேதனை எத்தகையதென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

காட்டில் எத்தனை கம்பி கட்டியிருக்கிறது என்று கொழும்பிலுள்ள எந்தப் பணிப்பாளருக்கும் தெரியாது. ஜீப்பில் வந்து போகும் உத்தியோகத்தருக்கும் தெரியாது. மாடு மேய்ப்பவனுக்குத் தெரியும். தேன் எடுக்கப் போகிறவனுக்குத் தெரியும். குளக்கட்டில் காவலிருப்பவனுக்குத் தெரியும். அவர்கள் வாய் திறப்பதில்லை. ஏன் திறப்பதில்லை என்பதே நம் பேச்சின் உட்கிடை.

எய்தவன் இருக்க அம்பை நோவதா?

கள்ளவேட்டைக்குப் பின்னால் ஒரு வர்த்தகம் இருக்கிறது. காட்டுக்குள் கம்பி கட்டுபவன் அதன் கடைசிப்படியில் நிற்பவன். மேற்படியில் நிற்பவன் நீதிமன்றக் கூண்டில் ஏறுவது அரிது.

அழுங்கு என்ற சிறு பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். பகைவனைக் கண்டால் ஓடவும் தெரியாது. கடிக்கவும் பல் இல்லை. பந்துபோற் சுருண்டு கொள்வதே அதன் ஒரேயொரு தற்காப்பு. அதன் காரணமாகவே அதைக் கையாற் தூக்கிச் சாக்கில் போட முடிகிறது. அதன் செதில் மருந்தாகும் என்று கீழை நாடுகளில் நம்பி வாங்குகிறார்கள். நம் விரல்நகம் எப்பொருளால் ஆனதோ அதே பொருளால்தான் அச்செதிலும் ஆனது. எட்டு வகை அழுங்குகளின் சர்வதேச வர்த்தகத்தையும் முற்றாகத் தடுப்பதென்று 2016இல் உலக நாடுகள் தீர்மானித்தன. இலங்கை அவ்வொப்பந்தத்தில் 1979 முதல் ஓர் அங்கத்துவ நாடு.

2012இல் கொழும்புத் துறைமுகத்தில், ஆபிரிக்காவிலிருந்து டுபாய்க்குச் செல்லவிருந்த பெட்டகமொன்றில் 359 யானைத் தந்தங்கள் பிடிபட்டன. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடை. 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் அவை பகிரங்கமாக நசுக்கி அழிக்கப்பட்டன. அது பாராட்டத்தக்க செயல். ஆயினும் அத்தந்தங்கள் இந்நாட்டு யானைகளுடையவை அல்ல. எங்கோ ஓர் ஆபிரிக்கக் கிராமத்தின் ஏழை வேட்டைக்காரன் கையிற் சொற்பக் காசை வைத்துவிட்டு, கண்டங்களைத் தாண்டி வியாபாரம் நடத்திய கூட்டத்தின் பொருள் அது. நம் துறைமுகம் அதற்கு வழிச்சத்திரமாயிற்று.

நம் கடலைப் பாருங்கள். கடலட்டை பிடிப்பதை இந்தியா 2001இல் முற்றாகத் தடைசெய்தது. இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்தோடு நடக்கும் தொழில். பாக்கு நீரிணையின் ஒரு கரையில் குற்றமாக இருப்பது மறுகரையில் வர்த்தகமாக இருக்கிறது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் கடத்தற்காரன் புகுந்துகொண்டான். பிடிபடுபவன் படகோட்டி, இலாபம் காண்பவன் கரையில் கால் நனைக்காதவன்.

இங்கே நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மரை வத்தல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்குபவன் யார்? கமக்காரன் அல்லன். விருந்தினர் வந்தால் மான் இறைச்சி வைத்துப் பெருமை கொள்பவர்கள், விடுமுறைக்கு வன்னிக்கு வந்தால் உடும்பு தேடுபவர்கள், வழியிலுள்ள கடைகளில் காட்டிறைச்சி உண்டா என்று காதோடு காதாக விசாரிப்பவர்கள், படித்தவர்களும் பதவியிலுள்ளவர்களுமே. வாங்குபவன் கேட்கும்வரை விற்பவன் கம்பி கட்டுவான். சிறைக்குப் போவது ஒருவன், ருசி பார்ப்பது வேறொருவன் என்னும் இந்நியாயம் நம் சமூகத்துக்கு அடுக்குமா என்பதை நகரத்தவர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும்.

கமக்காரரின் வழக்கு

இனிக் கமக்காரரின் வழக்குக்கு வருவோம். "யானை எங்கள் வயலை உழக்குகிறது, பன்றி எங்கள் கிழங்கைக் கிளறுகிறது, குரங்கு எங்கள் தேங்காயைப் பிடுங்குகிறது. எங்களைக் காப்பதற்கு ஆளில்லை. அவற்றைக் காக்க நாங்கள் வரவேண்டுமா?" இது வெறும் ஆத்திரப் பேச்சு அன்று; வலுவான வழக்கு.

இந்நாட்டில் யானை நடமாடும் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆகவே யானை பூங்காவில், மனிதன் ஊரில் என்று கோடு கிழித்துவிட முடியாது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சொற்பம்; ஆதலால் தந்தத்துக்காக அல்ல, பெரும்பாலும் பயிருக்காகவே இங்கு யானை சாகிறது. துவக்கு, வாய்வெடி, கள்ளமாக இழுத்த மின்கம்பி என்பனவே அதன் யமன். மனிதன் கொல்லப்பட்டாலும் யானை கொல்லப்பட்டாலும் அழுகை எழுவது காட்டோரத்தில்தான்.

இதன்மேல் காணிப் பிரச்சினை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் திரும்பி வந்தபோது தம் பழைய வயலில் காடு வளர்ந்திருக்கவும், அக்காட்டுக்குத் திணைக்களத்தின் எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கவும் கண்டன. உறுதி காட்டினாலும் உத்தரவுப்பத்திரம் காட்டினாலும் "இது காடு" என்ற பதிலே பல இடங்களிற் கிடைத்தது. 2015இல் சுண்டிக்குளமும் மடுறோட்டும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பறவைக்கும் விலங்குக்கும் இடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லை குறிக்கும்போது அவ்வெல்லையில் வாழ்பவனைக் கூப்பிட்டுக் கேட்பது நீதியின் முதற்பாடம் அன்றோ? வர்த்தமானியில் வந்த பின்னரே தன் மேய்ச்சற் தரை பறிபோனதை அறிகின்றவன், அக்காட்டில் கம்பி கட்டுபவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகத்தான் செய்வான்.

ஆனால் கேளுங்கள்: இந்த நியாயமான மனக்குறை கம்பிக்கும் வாய்வெடிக்கும் அனுமதிப்பத்திரம் ஆகிவிடாது. 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி, அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. திரண்ட சனம் அதை அடித்துக் கொன்றது. அக்காட்சி படமாகி உலகமெங்கும் பரவியது. நீதிமன்றம் சம்பந்தப்பட்டோரைக் கைதுசெய்யப் பணித்தது. காயம்பட்டவர்களின் பீதி மெய்யானது. வேளைக்கு உதவி வரவில்லை என்ற குறையும் எழுந்தது. ஆயினும் விளைவு என்ன? காட்டோரத்தவரின் நியாயம் முழுவதும் அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்து போயிற்று. இத்தகைய வேளையில் கூட்டத்தை விலக்கி, வழியை மறித்து, உத்தியோகத்தரை அழைத்து, மிருகம் காட்டுக்குத் திரும்ப இடம் விடப் பழகிய பத்துப் பேர் அவ்வூரில் இருந்திருந்தால், மனிதரும் காயப்பட்டிரார், மிருகமும் செத்திராது, வழக்கும் வந்திராது.

பிறர் செய்து காட்டிய வழி

இப்படி ஊராரையே காவலராக்குவது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்கு மூன்று தேசங்களைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

முதற் சாட்சி நமீபியா. தென்மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட நாடு அது. 1980களின் தொடக்கத்தில் அதன் வடமேற்குப் பகுதியில் வறட்சியும் கள்ளவேட்டையும் சேர்ந்து யானையையும் காண்டாமிருகத்தையும் அழித்துக்கொண்டிருந்தன. அப்போது கார்த் ஓவன் சிமித் என்னும் காவலர் அங்கிருந்த குலத்தலைவர்களோடு பேசினார். தலைவர்கள் தம் ஆட்களிலிருந்தே காவலரைத் தெரிவுசெய்தனர். காட்டை நன்கு அறிந்த பழைய வேட்டைக்காரரும் அவர்களுள் இருந்தனர். கூலி சொற்பம், பெரும்பாலும் தானியமும் உணவுப் பொருளுமே. ஆனால் அவர்கள் கணக்குச் சொல்லவேண்டியது தூரத்துத் திணைக்களத்துக்கு அன்று, தம் ஊர்த் தலைவருக்கு. கள்ளவேட்டை தணிந்தது. நாடு சுதந்திரம் பெற்றபின் 1996இல் அவ்வழக்கத்தைச் சட்டமாக்கினார்கள். எல்லை குறித்து, அங்கத்தவர் பதிவு செய்து, நிர்வாகச் சபை தெரிவுசெய்த ஊர்ச் சமூகத்துக்கு வனவிலங்கின் மேலும் அதனால் வரும் வருமானத்தின் மேலும் உரிமை கிடைத்தது. 1998இல் நான்காக இருந்த அத்தகைய ஊர்க் காப்பகங்கள் பின்னர் 80க்கு மேற்பட்டனவாகி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் பரந்தன. அங்கும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. 2022இல் அந்நாட்டில் 80க்கு மேற்பட்ட காண்டாமிருகங்கள் கள்ளமாகக் கொல்லப்பட்டன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை அரசாங்கத்தின் நேர்க்காவலிலுள்ள எட்டோசாப் பூங்காவிலேயே மாண்டன என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாஞ் சாட்சி நேபாளம். உள்நாட்டுப் போரினால் காவலரண்கள் சுருங்கிய காலத்தில், சித்வான் காட்டில் 2000இல் 544 ஆக இருந்த காண்டாமிருகங்கள் 2005இல் 372 ஆகக் குறைந்தன. போர் முடிந்து படையினர் திரும்பிய பின்னரும் கொலை உடனே நின்றுவிடவில்லை. பூங்காவைச் சுற்றிய ஊர்களின் இளைஞர்கள் கள்ளவேட்டைத் தடுப்புக் குழுக்களாகத் திரண்டு, அந்நியர் நடமாட்டத்தைப் பற்றித் தகவல் கொடுத்துக் காவலோடு கைகோத்தபோதுதான் நிலைமை மாறியது. 2011இல் ஒரு காண்டாமிருகமேனும் கள்ளவேட்டைக்குப் பலியாகாத ஆண்டை நேபாளம் கண்டது. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் 752 காண்டாமிருகங்கள் இருந்தன. ஊரார் ஏன் ஒத்துழைத்தார்கள்? பூங்காவின் வருமானத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு அயலூர்களின் அபிவிருத்திக்குச் செலவாகவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்திருக்கிறது. வீதியும் கிணறும் பள்ளிக்கூடமும் காண்டாமிருகத்தின் பெயரால் வந்தால், ஊரான் அதைத் தன் சொத்தென்று எண்ணமாட்டானா?

மூன்றாஞ் சாட்சி நமக்கு அண்மையிலுள்ளது. கேரளத்தின் பெரியாற்றுக் காட்டில் வயனைப் பட்டையைக் கள்ளமாக உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தோர் இருபதுக்கு மேற்பட்டோர் 1998இல் ஒரு சங்கமாக்கப்பட்டு, அக்காட்டுக்கே வழிகாட்டிகளும் இராக்காவலருமாயினர். காட்டின் கள்ளப்பாதை எல்லாம் அறிந்தவனைவிடச் சிறந்த காவலன் யார்? 2002 முதல் அவ்விடத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் ஊதியமின்றி முறைவைத்துக் காட்டைச் சுற்றி வருகின்றனர். பாக்கு நீரிணையின் மறுகரையில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுரக் கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக்களின் காப்பிடமாகத் தமிழ்நாட்டு அரசு 2022இல் அறிவித்தது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை மீனவரே அறுத்து விடுவிக்கின்றனர். அவர்களுக்கு வெகுமதியும் கொடுக்கப்படுகிறது. நம் மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவும் அதே இனந்தான். கடற்புல்லை மேய்ந்து இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தும் அப்பிராணிக்கு எல்லைக்கோடு தெரியாது. அங்கே மீனவன் அதற்குக் காவலன்; இங்கே டைனமற்று வெடி அதற்குக் காலன்.

குளம் கற்பித்த பாடம்

இவற்றைக் கேட்டு, "இவை பிறநாட்டுப் புதுமைகள், நமக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். இம்முறை வன்னி மண்ணில் வேரோடியிருக்கிறது. நம் குளங்களை யார் நிர்வகித்தார்கள்? போகத்துக்கு முன் கமக்காரர் கூடினார்கள். எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் வாய்க்கால் திறப்பது, எந்நாளுக்குள் மாடுகளைக் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். வாய்க்கால் வெட்டுவதும் வேலியடைப்பதும் அவரவர் காணி அளவுக்கேற்பப் பங்கிடப்பட்டன. தன் பங்கு வேலியை அடைக்காதவன் வழியாக மாடு புகுந்தால் நட்டத்துக்கு அவனே பொறுப்பு. வட்டவிதானையின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தண்ணீரில் உரிமையுள்ளவன் குளக்கட்டைக் காத்தான். குளக்கட்டைக் காக்காதவனுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. உரிமையும் காவலும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களாக இருந்தன. குளத்துக்கு நாம் கண்ட நீதியைக் குளத்தின் மேலுள்ள காட்டுக்கும் விரிப்பதே இன்று வேண்டுவது. காடு அழிந்தால் குளம் தூர்ந்துபோகும் என்பதைக் கமக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

யானை வேலியையே உதாரணமாகக் கொள்ளுங்கள். காட்டின் நடுவே, ஒரு திணைக்களத்தின் காட்டுக்கும் மறு திணைக்களத்தின் காட்டுக்கும் இடையில் அரசாங்கம் பல இடங்களில் மின்வேலி போட்டது. வேலியின் இருபுறமும் யானை நின்றது. அதற்கு மாறாக, ஊரையும் வயலையும் சுற்றிக் கமக்காரரே நிர்வகிக்கும் வேலி வேண்டும் என்று, பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் அமைந்த குழு 2020இல் வகுத்த தேசியச் செயற்திட்டம் கூறியது. விதைப்போடு வேலி எழும். அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும். பிறகு வைக்கோலையும் அரிதாளையும் யானை மேய்ந்து போகும். தன் நெல்லைக் காக்கும் வேலியாதலால் கமக்காரன் அதைக் கவனித்துப் பேணுவான். இது நம் பங்குவேலி முறையின் மறுபிறப்பன்றி வேறென்ன?

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை. ஒன்று, காட்டெல்லை குறிக்குமுன் ஊராரைக் கேளுங்கள். இடம்பெயர்ந்தோரின் காணிகளை ஆவணம் பார்த்து விடுவியுங்கள். இரண்டு, பயிர் அழிந்தவனுக்கும் உயிர் இழந்த குடும்பத்துக்கும் நட்டஈடு அடுத்த விதைப்புக்கு முன் கையிற் கிடைக்கட்டும். மூன்று, 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதை நிர்வாக மொழியாக்கியது. ஆகவே காட்டோரத்தில் காவல் செய்யும் உத்தியோகத்தர் தமிழில் முறைப்பாடு கேட்கவும் எழுதவும் வல்லவராக இருக்கட்டும். நள்ளிரவில் யானை வந்துவிட்டது என்று அழைப்பவன் மொழிபெயர்ப்பாளனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நான்கு, பூங்காக்களின் வருமானத்தில் அயலூர்களுக்கு ஒரு பங்கைச் சட்டத்தால் உறுதிசெய்யுங்கள். ஐந்து, ஊர்க் காவற்குழுவைச் சட்டத்தில் அங்கீகரித்து அதன் கடமையையும் எல்லையையும் எழுதி வையுங்கள்.

இவை கிடைக்கும்வரை கை கட்டி இருப்போமா? இல்லை. அரசாங்கத்தின் அனுமதி வேண்டாத காரியங்கள் பல உண்டு. ஒவ்வொரு குளத்துக் கமக்காரர் அமைப்பும் காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும் தத்தம் எல்லையில் நடந்து கம்பிகளைக் கண்டறிந்து, உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவர்களோடு சேர்ந்து அகற்றட்டும். எத்தனை கம்பி, எவ்விடம், எந்நாள் என்று ஒரு புத்தகத்திற் பதியட்டும். யானை வந்த நாளையும் அழிந்த பயிரையும் அதே புத்தகத்திற் பதியட்டும். அப்புத்தகம் நட்டஈட்டு விண்ணப்பத்திலும் நீதிமன்றத்திலும் நமக்குச் சாட்சி சொல்லும். வாய்வெடி விற்பவனுக்கு ஊரில் இடமில்லை என்று கூட்டத்திற் தீர்மானியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். காவற்குழு பொலிசு அன்று. அடிக்கவும் கட்டிவைக்கவும் தண்டம் அறவிடவும் அதற்கு அதிகாரமில்லை. துவக்கும் பொல்லும் ஏந்திய குழுக்களால் நம் மண் பட்ட பாடு போதும். கண்ணும் காதும் நடையும் பதிவேடுமே நம் ஆயுதங்கள். பிடிபட்டவன் ஏழையாயின் அவனுக்கும் சட்ட உதவி வேண்டும். வழக்கறிஞர் நண்பர்களே, இங்கேதான் உங்கள் கடமை. கம்பி கட்டியவனை மாத்திரம் சிறைக்கு அனுப்பிவிட்டு வழக்கு முடிந்தது என்று கோவையை மூடாதீர்கள். இறைச்சியை யார் வாங்கினான், செதிலை யார் கேட்டான், படகுக்கு யார் பணம் கொடுத்தான் என்பது வெளிவரட்டும். வைத்தியர்களே, அழுங்குச் செதிலில் மருந்தில்லை என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, காட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் மட்டுமல்லாமல் காட்டோரத்திலும் கற்பியுங்கள். மற்றையோர் செய்யவேண்டியது மிக இலகுவானது: காட்டிறைச்சியை வாங்காதிருங்கள், பரிமாறினால் உண்ணாதிருங்கள்.

பெரியோர்களே, நம் ஊர்களை நாமே நிர்வகிக்கும் உரிமை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். கேட்பவனிடம் உலகம் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: உன் கையிலுள்ளதை நீ எப்படிக் காத்தாய்? அதற்கு விடையாக ஒவ்வொரு குளத்தடியிலும் ஒரு பதிவேடும், கம்பியில்லாத காடும் இருக்கட்டும். உரிமையைக் கேட்கும் குரலும் காவல் நிற்கும் காலும் ஒரே மனிதனுடையவையாக இருக்கும்போது, அக்குரலை எந்த அரசாங்கமும் நெடுங்காலம் கேளாதிருக்க இயலாது. வரும் காலபோகக் கூட்டத்திலேயே இதை உங்கள் நிகழ்ச்சி நிரலிற் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.